கைராசியை அளக்க முடியுமா?

எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த டாக்டர் ஒருவர் இருப்பார். ஆறு மணிக்குத் திறக்கும் கிளினிக்கில் ஐந்து மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். அடுத்த தெருவில் அதே எம்.பி.பி.எஸ். படித்த இன்னொருவர் இருப்பார். அவர் வாசலில் நாலு ஜோடிச் செருப்புக்கு மேல் கிடக்காது. "அவர்கிட்ட ஒரே ஊசிதான், மறுநாளே பையன் எழுந்து விளையாடப் போயிட்டான்" என்பார் பாட்டி. "இவர் கொடுத்த மாத்திரையை மூணு நாள் கொடுத்தும் காய்ச்சல் விடலையே அத்தை" என்பார் மருமகள். இரண்டு பேரில் யார் கெட்டிக்காரர் என்ற தீர்ப்பு வீட்டுக் கூடத்திலேயே முடிந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்? தன் குடும்ப டாக்டரின் திறமை நோயாளிக்கு உண்மையிலேயே தெரிகிறதா? இதற்கு விடை தேடி ஆராய்ச்சியாளர்கள் நோயாளி வேஷத்தில் ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள், ஒரு நாட்டின் மருத்துவப் பதிவேடுகள் மொத்தத்தையும் புரட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டது ஏட்டளவில் நிற்கும் விஷயமல்ல. அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது நாம் என்ன கேட்க வேண்டும் என்பதையே அது மாற்றக்கூடியது.

முதலில் காய்ச்சலின் போக்கைப் பார்ப்போம். குடும்ப டாக்டரிடம் வரும் கூட்டத்தில் பெரும்பங்கு சளி, இருமல், தொண்டை வலி, வைரஸ் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. இவற்றில் மிகப் பல ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். முதல் நாள் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. சுக்குக் கஷாயம், நெற்றியில் பற்று, ஒரு பாராசிட்டமால் என்று கழிகிறது. இனி தாங்காது என்ற நாளில்தான் கிளம்புகிறோம். அது பெரும்பாலும் நோயின் உச்சி நாள். அதற்கப்புறம் உடம்பு போகக்கூடிய திசை இறக்கம்தான். அன்று யார் கை பட்டாலும், எந்த மாத்திரை உள்ளே போனாலும், மறுநாள் சற்றுத் தேவலை என்றிருக்கும்.

புள்ளியியலில் இதைச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்கிறார்கள். 1886-இல் பிரான்சிஸ் கால்ட்டன் பெற்றோர், பிள்ளைகள் உயரங்களை ஒப்பிட்டுக் கண்டறிந்தது இது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றே இறங்கினார்கள், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்றே ஏறினார்கள். ஏறி இறங்கும் எதையும் அதன் கடைக்கோடியில் பிடித்து அளந்தால், அடுத்த அளவு நடுவை நோக்கி நகர்ந்திருக்கும். நோயும் அப்படியே. இதில் ஒரு டாக்டருக்கு நஷ்டமும் இன்னொருவருக்கு லாபமும் உண்டு. காய்ச்சலின் இரண்டாம் நாள் பார்த்தவர் 'கேட்காத மருந்து' கொடுத்தவர் ஆகிறார். பொறுமையிழந்து நாலாம் நாள் மாற்றிப் பார்த்தவர் கைராசிக்காரர் ஆகிறார். இருவரும் கொடுத்தது ஒரே மாத்திரையாகக்கூட இருந்திருக்கலாம்.

மருந்தில்லாமலே குறைந்திருக்குமா என்பது ஒரு தனி நோயாளிக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஒரே காய்ச்சலை அவரால் மருந்தோடு ஒரு முறை, மருந்தில்லாமல் ஒரு முறை வாழ்ந்து பார்க்க முடியாது. பல நூறு பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தால்தான் தெரியும். இங்கிலாந்தின் குடும்ப மருத்துவ ஆய்வாளர் பால் லிட்டிலின் குழு அதைச் செய்தது. 1997-இல் வெளியான அந்த ஆய்வில், தொண்டை வலியோடு வந்த 716 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனே ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு அது இல்லை. மூன்றாவது பகுதியினரிடம், மூன்று நாளில் குறையத் தொடங்காவிட்டால் வந்து சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்றாம் நாளில் குணமாகியிருந்தவர்கள் முறையே நூற்றுக்கு 37, 35, 30 பேர். தற்செயலாகவே வரக்கூடிய அளவு வித்தியாசம்தான் அது. ஆனால் 'ஆன்டிபயாடிக் கேட்கும்' என்று நம்பியவர்கள் உடனே மருந்து வாங்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர்; மற்ற இரண்டு பகுதிகளில் 55, 60. அடுத்த முறை தொண்டை வலித்தால் டாக்டரிடம் வருவோம் என்றவர்கள் முதல் பகுதியில் 79. மற்றவற்றில் 54, 57.

குணம் ஏறக்குறைய ஒன்றே. நம்பிக்கை மட்டும் வேறு. மருந்து கொடுத்த கை, குணப்படுத்திய கையாகத் தெரிந்திருக்கிறது. (சில வகைத் தொண்டை வலியைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வுகள் கெடும் ஆபத்து நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. அதனால் தொண்டை வலிக்கு மருந்தே வேண்டாம் என்று இந்த ஆய்விலிருந்து நாமாக முடிவெடுக்கக் கூடாது. இங்கே பார்க்க வேண்டியது நம்பிக்கை உருவாகும் விதத்தை மட்டும்.)

இதிலிருந்து அடுத்த படிக்குப் போகலாம். டாக்டரின் திறமையில் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் உண்டு. நகை வாங்குவதை நினைத்துப் பாருங்கள். ஆரத்தின் வேலைப்பாடு எப்படி, கல் பதித்தது நேராக இருக்கிறதா, திருகு சரியாக உட்காருகிறதா என்பதெல்லாம் நம் கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். தங்கத்தின் மாற்று தெரியாது. அதற்கு உரைகல் வேண்டும், அல்லது முத்திரையை நம்ப வேண்டும். வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டாலும் மாற்றுக் குறைவு கழுத்துக்குத் தெரிவதில்லை. இப்படி, வாங்கும்போதும் தெரியாமல், பயன்படுத்திய பின்னும் தெரியாமல் போகும் தரம் உடையவற்றுக்குப் பொருளியலில் ஒரு தனிப் பெயர் இருக்கிறது. மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் 1973-இல் வகுத்தது. தமிழில் 'நம்பிக்கைப் பண்டம்' எனலாம். மருத்துவம் இதற்கு முதல் உதாரணம்.

மருத்துவத் தரத்தை அளக்கும் துறைக்கு அடித்தளமிட்டவர் அவெடிஸ் டோனபீடியன். பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியர், பின்னாளில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1966-இல் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் இந்தத் துறையில் நுழைகிறவர்கள் படிக்கிறார்கள். டாக்டரின் வேலையை அவர் இரண்டாகப் பார்த்தார். ஒன்று தொழில்நுட்பத் திறன்: நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பது, சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுப்பது, வேண்டாததைத் தவிர்ப்பது. மற்றது உறவுத் திறன்: கேட்பது, விளக்குவது, மரியாதையாக நடத்துவது, பயத்தைப் போக்குவது. உறவுத் திறனை அவர் மேல்பூச்சாக நினைக்கவில்லை. தொழில்நுட்பத் திறன் நோயாளியிடம் போய்ச் சேர்வதே அதன் வழியாகத்தான் என்றார்.

ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியுமா? அன்பாகப் பேசுகிற டாக்டர் மருந்திலும் கெட்டிக்காரராக இருப்பாரா? இருப்பார் என்றுதான் நம் மனம் எடுத்துக்கொள்கிறது. ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைக் கண்டதும் மற்ற குணங்களையும் அதே வெளிச்சத்தில் பார்க்கும் இந்தப் பழக்கத்தை 1920-இல் உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் விவரித்தார். ராணுவ அதிகாரிகள் தம் கீழிருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை அவர் ஆராய்ந்தார். தோற்றம், அறிவு, தலைமைக் குணம், நாணயம் என்று தனித்தனியாகக் கேட்டும், எல்லா மதிப்பெண்களும் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. இது 'ஒளிவட்ட விளைவு'.

டாக்டர்கள் விஷயத்தில் இதை நேராகச் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2006-இல் வந்தன. அமெரிக்காவில் ஜான் சாங் குழுவினர், உடல்நலம் நலிந்த 236 முதியவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் செய்திருக்க வேண்டிய சிகிச்சைகள் உண்மையில் நடந்தனவா என்று மருத்துவப் பதிவேடுகளையும் நேர்காணல்களையும் வைத்துக் கணக்கிட்டார்கள். அதே முதியவர்களிடம், 'உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சைக்கு எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள்?' என்று கேட்டார்கள். டாக்டர் நன்றாகப் பேசினார், விளக்கினார் என்றவர்கள் அதிக மதிப்பெண் தந்தார்கள். சிகிச்சை முறையாக நடந்ததற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தென்படவில்லை. இங்கிலாந்தில் 18 குடும்ப மருத்துவ நிலையங்களில் மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் இதே மாதிரி ஓர் ஆய்வு நடந்தது. பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டதா என்பவை அங்கே அளவுகோல். நோயாளிகள் தரமானது என்று சொன்ன நிலையங்களும், பதிவேடுகள் தரமானது என்று சொன்ன நிலையங்களும் பொருந்திவரவில்லை.

பதிவேட்டில் எழுதியதெல்லாம் உண்மையில் நடந்ததா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான சந்தேகம். நல்ல டாக்டர் எழுதாமல் விட்டிருக்கலாம். சுமாரான டாக்டர் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருக்கலாம். ஒரு டாக்டரிடம் கஷ்டமான நோயாளிகளும் இன்னொருவரிடம் எளிய நோயாளிகளும் போனால் இருவரையும் ஒப்பிடவும் முடியாது. எல்லா டாக்டரிடமும் ஒரே நோயாளி, ஒரே நோயோடு, ஒரே வார்த்தைகளோடு போனால்தான் ஒப்பிடலாம்.

அப்படி ஒரு நோயாளியை உருவாக்க முடியும் என்று காட்டியவர் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் டாக்டர். 1963-இல் லாஸ் ஏஞ்சலிஸில் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக, ஒரு நோயின் அறிகுறிகளை அச்சு அசலாக நடித்துக்காட்ட ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த உத்தி இன்று டாக்டர்களின் திறமையை உரசிப் பார்க்கும் கல்லாக மாறியிருக்கிறது. இவர்களைப் 'பாவனை நோயாளிகள்' என்போம்.

இந்தியாவில் இந்த உத்தியைப் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் பொருளியலாளர் ஜிஷ்ணு தாஸும் அவருடைய சகாக்களும். மத்தியப் பிரதேசத்தின் கிராமங்களிலும் டெல்லியிலும் நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2012-இல் வந்தன. உள்ளூர்க்காரர்களையே தேர்ந்தெடுத்து, 150 மணி நேரம் போலப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்புக்கு முந்தைய கட்டம். இன்னொருவருக்கு ஆஸ்துமா. மூன்றாமவர், வீட்டில் குழந்தைக்குச் சீதபேதி என்று சொல்லி மருந்து கேட்கும் அப்பா. எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. கேட்டால் மட்டுமே பதில் சொல்ல வேண்டும்; கேட்காததைத் தானாகச் சொல்லக் கூடாது. கிளினிக்கிலிருந்து வெளியே வந்ததும், டாக்டர் கேட்ட கேள்விகள், செய்த பரிசோதனைகள், கொடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் பதிவுசெய்தார்கள்.

நோய் என்ன என்பது ஆராய்ச்சியாளருக்கு முன்பே தெரியும் என்பதுதான் இந்த உத்தியின் பலம். 'தானே குணமானதா, மருந்தில் குணமானதா' என்ற குழப்பம் இங்கே எழவே எழாது. நடிப்பவருக்கு நோயே இல்லையே.

மத்தியப் பிரதேசக் கிராமங்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு எந்த மருத்துவத் தகுதியும் இல்லை. ஒரு நோயாளிக்குச் செலவழித்த நேரம் சராசரியாக நாலு நிமிடத்துக்கும் குறைவு. சரியான நோய்க்கணிப்பு அபூர்வம். தவறான மருந்துகள் தாராளம். தமிழ்நாட்டின் நிலைமை இதுவே என்று நான் சொல்லவரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களின் வரலாறு இங்கே வேறு. ஆனால் அந்தக் கிராமத்து மக்கள் தங்கள் டாக்டர்களைத் தேடிப்போய்ப் பணம் கொடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதைப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள்?

அதே குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. தனியார் கிளினிக்குகளில் வாங்கிய கட்டணத்தையும் டாக்டரின் வேலையையும் ஒப்பிட்டார்கள். நிறையக் கேள்வி கேட்டு, நிறையப் பரிசோதித்தவர்களுக்குக் கட்டணம் அதிகமாகவே கிடைத்தது. சரியான மருந்து கொடுத்தவர்களுக்கும் சற்றே அதிகம். ஆக, டாக்டர் எடுத்துக்கொள்ளும் சிரத்தை நோயாளிகளின் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆனால் வேண்டாத மருந்துகளை அடுக்கியவர்களுக்கும் கட்டணம் அதிகமாகவே கிடைத்தது. இரண்டு மாத்திரை போதும் என்ற இடத்தில் ஐந்தை எழுதிக்கொடுத்தால், அந்த மூன்றும் வீண் என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை. அவருக்கு அதுவும் சிரத்தையாகவே தெரிகிறது.

இந்தக் குருட்டுப் புள்ளி படிப்பறிவில்லாத கிராமத்தின் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்ப மருத்துவ நிலையங்களின் மருந்துக் கணக்கையும், தேசிய அளவில் நோயாளிகளிடம் நடத்தப்படும் கருத்துக்கணிப்பையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. ஆன்டிபயாடிக்கைக் குறைவாக எழுதிய நிலையங்களுக்கு நோயாளிகள் தந்த மதிப்பெண்ணும் சற்றே குறைவாக இருந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் தேவையில்லாத இடத்தில் ஆன்டிபயாடிக்கை மறுப்பது டாக்டருக்குத் தெரிந்த நல்ல மருத்துவம். அதற்குக் கிடைப்பது கெட்ட பெயர் என்றால், தினமும் நூறு பேரைப் பார்க்கும் ஒருவர் எந்தப் பக்கம் மெல்ல மெல்லச் சாய்வார்? ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காத நம் பழக்கத்தையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் தீர்ப்பு டாக்டரை அளப்பதோடு நிற்பதில்லை, வருஷக்கணக்கில் அவரை வனையவும் செய்கிறது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இதுதான்.

இவ்வளவும் படித்துவிட்டு, நோயாளிகளின் கருத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று முடிவுகட்டினால் அது பெரிய தவறாகும். அவர்கள் நுட்பமாகக் கவனிக்கும் விஷயங்களும் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, டாக்டர் காது கொடுத்துக் கேட்கிறாரா என்பது.

1984-இல் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கெல் என்ற இரு ஆய்வாளர்கள் டாக்டர்-நோயாளி உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிய 18 விநாடிக்குள் டாக்டர் சராசரியாகக் குறுக்கிட்டுவிடுகிறார். இடைமறிக்கப்பட்டவர்களில் மிகச் சிலர்தான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சொல்லி முடித்தார்கள். இது மரியாதைக் குறைவு மட்டும் இல்லை. 1975-இல் பிரிட்டனில் ஜான் ஹாம்ப்டன் குழுவினர், வெளிநோயாளிகளாக வந்த 80 பேரின் நோய் எந்தக் கட்டத்தில் பிடிபடுகிறது என்று பார்த்தார்கள். அவர்களில் 66 பேருக்கு, அனுப்பிய டாக்டரின் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்ட அளவிலேயே நோய் தெரிந்துவிட்டது. தொட்டுப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடிவை மாற்றியது மீதிச் சிலருக்குத்தான். ஸ்கேன் பெருகிய காலம் இது. அந்தக் கணக்கை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் கேட்பதே நோய்க்கணிப்பின் பெரும்பகுதி என்பது மாறவில்லை. உறவுத் திறனும் தொழில்நுட்பத் திறனும் சந்திக்கும் இடம் அது. "அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்" என்று ஒரு நோயாளி சொல்லும்போது, டாக்டரின் நல்ல மனதை மட்டும் சொல்லவில்லை. அவருடைய மருத்துவத்தின் முதல் பாதி சரியாக நடந்தது என்றும் சாட்சி சொல்கிறார்.

அந்தச் சாட்சி எவ்வளவு நம்பகமானது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்கள் கருத்துக்கணிப்புகளில் தங்கள் டாக்டர்களுக்கு வெள்ளையரைவிடக் குறைந்த மதிப்பெண் தருவது வழக்கம். அவர்கள் எதிர்பார்ப்பு அதிகம், அவர்கள் படிவம் நிரப்பும் விதமே வேறு என்றெல்லாம் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜென்னி பர்ட்டும் குழுவினரும் டாக்டர்-நோயாளி சந்திப்புகளை நடிகர்களை வைத்துப் படமெடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பாதி வெள்ளையர் பாதி பாகிஸ்தானியர், அதைப் போட்டுக்காட்டி மதிப்பெண் கேட்டார்கள். ஒரே காட்சிக்குப் பாகிஸ்தானியர்கள் வெள்ளையர்களைவிட அதிக மதிப்பெண் கொடுத்தார்கள்! 2016-இல் வெளியான முடிவு இது. அதாவது அவர்கள் கடுமையாக மதிப்பிடுகிறவர்கள் அல்ல, தாராளமாக மதிப்பிடுகிறவர்கள். அப்படிப்பட்டவர்களே தங்கள் சொந்த டாக்டருக்குக் குறைவாகப் போடுகிறார்கள் என்றால், அவர்களை அந்த டாக்டர்கள் நடத்திய விதம்தான் குறைவாக இருந்திருக்கிறது. 'நோயாளிக்கு என்ன தெரியும்' என்று தள்ளிவிடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அன்பு, மருந்தாகவும் வேலை செய்கிறது. ஹார்வர்டின் டெட் காப்சுக் குழுவினர் 2008-இல் வெளியிட்ட சோதனையில், குடல் எரிச்சல் நோயால் அவதிப்பட்ட 262 பேர் கலந்துகொண்டார்கள். சிலர் காத்திருப்போர் பட்டியலில் மட்டும் வைக்கப்பட்டார்கள். சிலருக்கு ஊசி உண்மையில் உள்ளே இறங்காத போலி அக்குபங்சர், அதிகம் பேசாமல். சிலருக்கு அதே போலி அக்குபங்சர், ஆனால் சிகிச்சை தருபவர் உட்கார்ந்து விசாரித்து, கேட்டு, ஆறுதல் சொல்லித் தந்தது. மூன்று வாரம் கழித்துப் போதிய நிவாரணம் கிடைத்தது என்றவர்கள் நூற்றுக்கு 28, 44, 62 பேர். வலி, குமட்டல், களைப்பு போல மூளை உணர்ந்து சொல்லும் துன்பங்களில் இந்தப் பலன் தெரிகிறது. புற்றுநோய்க் கட்டியோ உடைந்த எலும்போ இதற்குக் கட்டுப்படாது. கைராசி என்று நம் பாட்டிமார் சொல்வதில் ஒரு பங்கு இது. வெறும் பிரமை என்று ஒதுக்க முடியாத பங்கு.

இன்னொரு பங்கு, பழக்கம். நார்வேயில் 2001-இலிருந்து ஒவ்வொரு குடிமகனுக்கும் இன்னார்தான் உங்கள் குடும்ப டாக்டர் என்று பெயர் குறித்துத் தரும் திட்டம் இருக்கிறது. யார் எத்தனை வருஷமாக ஒரே டாக்டரிடம் இருக்கிறார் என்பது பதிவேட்டிலேயே இருப்பதால், ஏறக்குறைய 45 லட்சம் பேரின் கணக்கை எடுத்துப் பார்க்க முடிந்தது. டாக்டரிடம் வந்து ஒரு வருஷமே ஆனவர்களோடு ஒப்பிட்டார்கள். 15 வருஷத்துக்கு மேல் ஒரே டாக்டரிடம் இருந்தவர்களில் மருத்துவமனையில் சேர்வது 28 சதவீதமும் இறப்பு 25 சதவீதமும் குறைவு. வயது, நோய் போன்ற வித்தியாசங்களைக் கழித்த பிறகு வந்த எண்கள் இவை. குலுக்கல் சோதனை இல்லை என்பதால் காரணம் இதுவேதான் என்று அறுதியிட முடியாது. ஆனால் பழகப் பழகப் பலன் படிப்படியாக ஏறியது என்பது, உறவுக்கு இதில் பங்கு உண்டு என்றே காட்டுகிறது. உங்கள் அப்பாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, நீங்கள் வலியைச் சொல்லாமல் அடக்குகிறவரா, சின்னதற்கே பதறுகிறவரா என்று தெரிந்த டாக்டருக்கு, புது டாக்டருக்குத் தெரியாத பரிசோதனை முடிவு ஒன்று எப்போதும் கையில் இருக்கிறது. பட்டப்படிப்பில் மேலானவர் என்று டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்கும் நகரத்துக் குடும்பங்கள் இதைத்தான் இழக்கின்றன.

சரி, தங்கத்தின் மாற்றுப் போல நோயாளிக்குத் தெரியாத இந்தத் திறமை டாக்டருக்காவது தெரியுமா? தன் திறமை என்ன என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டாமா? 2006-இல் கனடாவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் குழுவினர், டாக்டர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணையும் வெளியிலிருந்து அளந்த திறமையையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டினார்கள். 20 ஒப்பீடுகளில் 13-இல் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு இல்லை, அல்லது தலைகீழாக இருந்தது. இதற்கு ஓர் எளிய காரணத்தை நம் ஊர்க் கிளினிக்கிலேயே பார்க்கலாம். குணமானவர் திரும்பி வருவதில்லை. குணமாகாதவரும் திரும்பி வருவதில்லை. அவர் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விட்டார். முதல் டாக்டர் இருவரையும் குணமானவர் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறார். தன் தவறு அவர் கண்ணில் படவே இல்லை.

இந்த இடத்தில் குடும்ப மருத்துவத்துக்கு ஒரு கருவி இருக்கிறது. பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர் ரோஜர் நெய்பர் 1987-இல் எழுதிய நூலில் அதற்கு ஒரு பெயர் சூட்டினார். தமிழில் 'காப்பு வலை' எனலாம். ஒவ்வொரு நோயாளியும் எழுந்து போவதற்கு முன் டாக்டர் தன்னையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். நான் நினைத்தது சரியென்றால் இனி என்ன நடக்கும்? நான் நினைத்தது தப்பென்றால் அது எனக்கு எப்படித் தெரியவரும்? அப்போது நான் என்ன செய்வேன்? டாக்டரின் தலைக்குள் மறைந்திருக்கும் தொழில்நுட்பத் திறன் வெளியே வந்து நோயாளியின் காதில் விழும் இடம் இதுதான். டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நாமே கேட்கலாம்: "எத்தனை நாள்ல குறையணும் டாக்டர்? எது வந்தா நான் உடனே வரணும்?" இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் நோயின் போக்கைப் பற்றி ஒரு கணிப்பு வைத்திருக்கிறார். அந்தக் கணிப்பு பலித்ததா என்பதை வீட்டில் இருந்தபடி நாமே சரிபார்க்க முடியும். பலிக்காதபோது வேறு டாக்டரைத் தேடாமல் அவரிடமே திரும்பிப் போனால், அவருக்கும் தன் தவறு தெரியவரும்.

டெங்குவில் இது உயிர் சம்பந்தப்பட்டது. மற்றக் காய்ச்சல்களில் உடம்பு குளிர்ந்தால் கண்டம் தாண்டியது என்று நிம்மதி அடைகிறோம். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடும். அது ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். ஊசி போட்டதும் காய்ச்சல் விட்டதே என்று கைராசியைப் புகழ்ந்துகொண்டிருக்கும் அதே நாள் அது. "காய்ச்சல் விட்டாலும் நாளைக்குக் குழந்தையைக் கொண்டுவந்து காட்டுங்க. வயிறு கடுமையா வலிச்சா, விடாம வாந்தி எடுத்தா, ஈறுல ரத்தம் வந்தா, துவண்டு போய்ப் படுத்தா, ராத்திரின்னு பார்க்காம பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்கம்மா" என்று சொல்கிற டாக்டர் ஊசியே போடாமல்கூட அனுப்பியிருக்கலாம். அவர் திறமையில் பெரும்பகுதி அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.